பட்டியலில் இல்லாத பெயர்

போன மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சட்டக் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "தோழர், ஒரு பக்கம் ஆணவக்கொலை, இன்னொரு பக்கம் மலக்குழி மரணம். நீங்க என்னடான்னா லீவு போட்டுட்டுக் குருவி பாக்கப் போயிருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. "இயற்கை ரசனை" என்ற சொல்லே நம்மில் பலருக்கு மேல்தட்டு வாசனை அடிக்கிறது. அந்தத் தம்பிக்கு டீக்கடையில் சொன்ன பதில் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் போனது தேக்கடிக்கு. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளைக் காலையில் கால்நடையாக அழைத்துப்போகிறார்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. வழிகாட்டிகளில் பெரும்பாலோர் அந்தக் காட்டைச் சேர்ந்த மன்னான், பளியர் பழங்குடிகளும், காட்டோர மக்களும். எங்களுக்கு வந்தவர் பளியர். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு குச்சி. எங்களுக்கெல்லாம் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை துணி உறை கொடுத்து, அதன்மேல் மூக்குப்பொடி தூவிவிட்டார். அவர் காலில் ஒன்றுமில்லை. "அட்டைக்கு நான் பழைய ஆளு தம்பி, போரடிச்சுப் போயிருக்கும்" என்றார்.

கூட வந்தது பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி. கணவர் கையில் ஒரு முழ நீள லென்ஸ். என்னிடம் இருந்தது நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர். உருப்படியான பைனாகுலர் ஒன்று பத்தாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. இந்தப் பொழுதுபோக்கின் வாசற்படி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மழைக்காட்டில் பறவை பார்ப்பது என்பது முக்கால்வாசி காதால் பார்ப்பதுதான். மரங்கள் நூறடி உயரம், கீழே அரை இருட்டு. நகரத்திலிருந்து வருகிறவனுக்கு முதல் அரைமணி நேரம் பச்சையைத் தவிர எதுவுமே தெரியாது. அவர் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். குக்குறுவான். அந்தப் பக்கம் துடுப்புவால் கரிச்சான், ஆனால் ஏமாறாதீங்க, அவன் மத்த பறவை மாதிரியே கத்துவான். ஓடையோரம் சீகாரப் பூங்குருவி, சோம்பேறிப் பையன் சீட்டியடிக்கிற மாதிரி. ஒரு இடத்தில் நின்று, "இப்ப ஒரு மலையணில் பயந்துபோய்க் கத்துது, மேலே கழுகு இருக்கு" என்றார். அண்ணாந்து பார்த்தால் இருந்தது.

பிறகு பாதையிலிருந்து தள்ளி ஒரு பெரிய மரத்தைத் தூரத்திலிருந்தே காட்டி நிற்க வைத்தார். நான் மேலே துழாவினேன். "மேல பாக்காதீங்க தம்பி. கீழ பாருங்க."

மரத்தடியில் ஒரு நாற்றங்கால் போலக் கன்றுகள். அத்தி, குங்கிலியம், இன்னும் அவர் பேர் சொன்ன எதுவெல்லாமோ. அந்த மரத்தின் விதை ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெளியூர் விதை. இருவாச்சி கொண்டுவந்து போட்டது. மரத்தில் ஒரு பொந்து. உள்ளே பெண் பறவை தன்னைத்தானே வைத்து அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் கீறல் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும். அத்தனை நாளும் அதற்குச் சாப்பாடு ஆண் பறவை கொண்டுவந்து தருவதுதான். முப்பது நாற்பது நிமிடம் கொசுக்கடியில் நின்றோம். முதலில் சத்தம்தான் வந்தது, பழைய கரி எஞ்சின் மலையேறுவதுபோல இறக்கைச் சத்தம். வந்து உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து, அந்தக் கீறலில் கொடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பதினேழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

பெங்களூர்க்காரர் இன்னும் இருபதடி கிட்டே போனால் நல்ல படம் கிடைக்கும் என்றார். பணமும் தருவதாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "கிட்டப் போனா அது வராது சார். அது வரலன்னா உள்ள தாயும் புள்ளையும் பட்டினி" என்று சொல்லிவிட்டுக் குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். காடு பாதுகாப்பு என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. காசு நீட்டுகிறவனிடம் ஒரு கூலிக்காரர் முடியாது என்று சொல்லி நிற்பது.

திரும்பி வரும்போது அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "எங்கப்பா காக்கிச் சட்டையைப் பாத்தா ஓடுவாரு. தேனெடுத்தாலும் குத்தம், மீன் புடிச்சாலும் குத்தம். நான் இப்ப அதே நெறத்துல சட்டை போட்டுட்டு நிக்கிறேன்." இதைப் பெருமையாகச் சொன்னாரா, கசப்பாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம். அவருடைய ஊதியத்தையும் கேட்டேன், சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எழுதவில்லை.

அறைக்கு வந்ததும் பெங்களூர் தம்பதி அன்றைய பறவைகளை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினார்கள். உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இடம் அது. அறிவியலுக்கு உண்மையிலேயே பயன்படுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பத்திச் சொச்சம் இனங்கள். பார்த்தவர் என்ற இடத்தில் அவர்கள் பெயர். நாற்பதில் முப்பதை முதலில் கண்டதும் கேட்டதும் பெயர் சொன்னதும் யார்? அந்தப் பெயருக்குப் பட்டியலில் இடம் இல்லை.

இது புதிய கதை அல்ல. 1858இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் இருந்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் அவருக்குச் சமையல்காரராக வந்து, பிறகு பறவை சேகரிப்பதில் வலது கையாகவே ஆனவர். பச்சான் தீவில் ஒருநாள் அலி காட்டுக்குள் போய், அதுவரை அறிவியல் உலகம் அறிந்திராத சொர்க்கப்பறவை ஒன்றைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தது அலிதான் என்று வாலஸே எழுதி வைத்திருக்கிறார், அந்த நேர்மை அவரிடம் இருந்தது. ஆனால் லண்டனில் அந்தப் பறவைக்குச் சூட்டிய அறிவியல் பெயர் செமியோப்டெரா வாலசி. இதேபோல் இளைஞன் டார்வினுக்கு எடின்பரோவில் பறவையைப் பாடம்பண்ணக் கற்றுக்கொடுத்தவர் ஜான் எட்மன்ஸ்டன், கயானாவிலிருந்து வந்தவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். டார்வின் பெயர் தெரியாத பள்ளிப்பிள்ளை இல்லை. எட்மன்ஸ்டன் பெயரை நம் எத்தனை பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

சரி, தேக்கடிக்கு வருவோம். அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு முக்கியம்.

1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. தேனியும் மதுரையும் இராமநாதபுரமும் குடிக்கும் அந்தத் தண்ணீரின் அடியில் ஒரு காடு மூழ்கிக் கிடக்கிறது. அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் மன்னான், பளியர் மக்கள். பின்னால் சரணாலயம் வந்தது, 1978இல் புலிகள் காப்பகம் வந்தது, இவர்கள் குமுளிக்கருகே காட்டின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விளைந்த மிளகு வட்டிக்காரர்களிடமும் வியாபாரிகளிடமும் அடகில். காட்டுக்குள் போனால் வழக்கு. அதே காலத்தில் இன்னொரு கூட்டம் வயணப் பட்டை எனும் காட்டு லவங்கப்பட்டையை உரித்துக் கடத்திப் பிழைத்தது. அவர்கள்மேலும் வழக்குக்கு மேல் வழக்கு.

1996 வாக்கில் உலக வங்கிப் பணத்தோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாறுக்கு வந்தது. உலக வங்கி என்றதும் நாம் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம், உட்கார வேண்டியதுதான். ஆனால் இங்கே நடந்தது கொஞ்சம் வித்தியாசம். பட்டை கடத்தியவர்களோடு வனத்துறை உட்கார்ந்து பேசியது. காட்டின் ஒவ்வொரு திருட்டுத் தடமும் அவர்களுக்குத்தான் தெரியும். 1998இல் அவர்களையே ஒரு குழுவாக்கி, பயணிகளை மலையேற்றம் கூட்டிப்போகவும், கூடவே கடத்தலைக் கண்காணிக்கவும் வைத்தார்கள். மன்னான், பளியர் குழுக்களும் அமைந்தன. மிளகு அடகிலிருந்து மீட்கப்பட்டது. பயணிகளிடம் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு குழுவின் பொது நிதிக்குப் போனது.

இதை நான் ஏளனம் செய்யத் தயாரில்லை. வழக்கும் வட்டியுமாக இருந்த ஒருவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை. அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இருவாச்சிக் கூட்டைத் தொட விடாமல் காசை மறுக்கும் நிலையில் அவர் நிற்கிறார். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காப்பகத்திலும் இதுபோல ஒன்று நடக்கிறது. இருவாச்சியை வேட்டையாடி அதன் அலகைத் தலையணியில் சூடும் மரபுள்ள நிஷி மக்களே அங்கே கூடு காக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஊர்க்காரர்கள் காவலர்கள், நகரத்தில் இருப்பவர்கள் கூட்டைத் தத்தெடுத்துப் பணம் தருகிறவர்கள். காட்டைக் காப்பாற்ற மனிதரை அகற்ற வேண்டும் என்ற பழைய பாடத்துக்கு இவை நேரெதிர்ச் சான்றுகள்.

ஆனால் இரண்டு கேள்விகளை விட முடியாது.

பெரியாறில் வசந்தசேனை என்று பெண்கள் குழு ஒன்று உண்டு. பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு தினமும் காட்டோரம் ரோந்து போகிறார்கள். விருது, பாராட்டு, பத்திரிகைப் படம் எல்லாம் உண்டு. அது சம்பளம் இல்லாத தன்னார்வச் சேவை. ஆண் நடந்தால் அது வேலை, பெண் நடந்தால் அது சேவை. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன?

இரண்டாவது பெரிய கேள்வி. வழிகாட்டி வேலை யார் கொடுத்தது? துறை கொடுத்தது. கொடுத்தவர் நாளை எடுத்துக்கொள்ளலாம், நல்ல அதிகாரி மாறிப்போனால் மனநிலையும் மாறிப்போகும். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கிருந்து வடக்கே, சாலக்குடி ஆற்றின் மேலே வாழச்சாலைப் பாருங்கள். அங்கே காடர் மக்கள் பல ஆண்டுகளாக இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்து வருகிறார்கள். ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு 2014இல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக வன வள உரிமை கிடைத்தது. அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னபோது மனுக்கொடுக்கும் ஏழைகளாகச் சொல்லவில்லை, அந்தக் காட்டுக்குச் சட்டப்படி பொறுப்பானவர்களாகச் சொன்னார்கள். சீருடை போட்டவருக்கு அந்தக் குரல் கிடையாது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. பறவை பார்க்கும் பழக்கம் எனக்குக் கல்லூரி நாட்களிலேயே உண்டு. ஒருமுறை, ஊர் பெயர் வேண்டாம், ஒரு கண்மாய்க்கரையில் பைனாகுலரோடு நின்றிருந்தேன். கூழைக்கடா வந்திருந்தது. கண்மாய்க்கு எதிரே ஊர்த்தெரு. பத்து நிமிடத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். என்ன பாக்குற? பறவைங்க. எந்த ஊரு? சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்? அதற்கும் சொன்னேன். பக்கம் தெரிந்ததும் பேச்சின் மரியாதை ஒரு படி இறங்கியது. "இங்கிட்டுப் பொம்பளைங்க குளிக்கிற எடம், கெளம்பு." அந்தக் கரையில் அந்த நேரம் மாடுதான் குளித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து அதே கரையில் நகரத்துப் பறவை ஆர்வலர் குழு ஒன்று நின்றது, பத்துப் பதினைந்து பேர். அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம்.

2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்கப் போன கறுப்பினத்தவர் கிறிஸ்டியன் கூப்பர், நாயைக் கட்டிவைக்கச் சொன்னதற்காக ஒரு வெள்ளைப் பெண் போலீசைக் கூப்பிட்டார். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட அதே நாள் அது. அடுத்த வாரமே கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென ஒரு வாரம் அறிவித்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்குக் கண்மாய்க்கரை ஞாபகம் வந்தது. பொதுவெளியில் சும்மா நிற்பதற்கே சிலருக்கு அனுமதி வேண்டியிருக்கிறது, பைனாகுலர் பிடித்தால் இரட்டை அனுமதி. தம்பி கேட்ட "குருவி நமக்கு எதற்கு" என்பதற்கு ஒரு பாதி பதில் இதில் இருக்கிறது. ஏரிக்கரையும் காடும் அவர்கள் இடம் என்று நாமே ஒதுங்கிவிட்டால் ஒதுக்குகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

தமிழ்நாட்டில் பெயரிலேயே பறவையைச் சுமக்கும் மக்கள் இருக்கிறார்கள், குருவிக்காரர்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கவுதாரியைக் குரல்கொடுத்தே வரவழைக்கும் கை அவர்களுடையது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் திறனைக் குற்றமாக்கியது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேட்டை நின்றே ஆகவேண்டும். ஆனால் பட்டை கடத்தியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசத் தெரிந்த அரசுக்கு, அதே புத்தி குருவிக்காரர் விஷயத்தில் ஏன் வரவில்லை? ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. ஊசிமணி பாசிமணியைத் தாண்டி அவர்களுக்கு நாம் யோசித்துக் கொடுத்தது என்ன?

இப்போது மறுபாதி பதில். தேக்கடியில் அந்த இருவாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது நிமிடமும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது மாஞ்சோலை.

தெரியாத தம்பி தங்கைகளுக்குச் சுருக்கமாக. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மழைக்காட்டை வெட்டித் தேயிலை போட ஆள் வேண்டும். கீழேயிருந்து போனவர்களில் பெரும்பான்மை தலித்துகள். பண்ணையாரிடமிருந்து தப்பித்தால் போதுமென்று போன குடும்பங்களும் உண்டு. கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் நாலு தலைமுறை. வேலை இருக்கும்வரைதான் வீடு, ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வுக்காகவும் சிறையில் இருந்த தோழர்களை விடுவிக்கவும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. பதினேழு பேர் தாமிரபரணியில் பிணமானார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. ஒவ்வொரு ஜூலையும் அந்த ஆற்றங்கரையில் நாம் நிற்பது இதற்காகத்தான்.

குத்தகை 2028இல் முடிகிறது. தோட்டத்தைச் சுற்றிலும் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 2024 ஜூனில் கம்பெனி தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வில் கையெழுத்து வாங்கியது. விருப்பம் என்பது சட்டத்தின் சொல், மலையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமே எடுத்து நடத்தட்டும் என்று போட்ட மனுக்களைச் சென்னை உயர்நீதிமன்றம் அந்த டிசம்பரில் ஏற்க மறுத்தது. மறுவாழ்வு கொடுங்கள், காட்டை மீட்டெடுங்கள் என்ற வழி மிச்சமானது.

காட்டை மீட்டெடுப்பதை நான் எதிர்க்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் தோழர்கள் சிலர் புலி என்றாலே எரிச்சலாகிறார்கள். பொருநையில் ஓடும் தண்ணீர் அந்த மழைக்காடு பிடித்து வைத்துக் கொடுப்பது. கீழே நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அதைக் குடிப்பதில் நம் சேரிகளும் உண்டு. தேயிலை இருந்த இடத்தில் மறுபடி குங்கிலியமும் அத்தியும் வந்தால் இருவாச்சி வரும், நல்லது.

என் கேள்வி வேறு. அந்தக் காட்டை மீட்டெடுக்கும் கைகள் யாருடையவை? தேயிலை நாற்று வைத்து, நிழல் கொடுத்து, களை பிடுங்கி, அட்டைக்கும் மழைக்கும் பழகிய கைகள் அங்கேயே இருந்தனவே. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் மண்ணின் மரங்களை நட்டுக் காட்டை மீட்டு வருகிறது. விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, பை பையாகத் தூக்கிப்போய் நட்டு, களை எடுத்து என்று அது பல ஆண்டு வேலை. அதைச் செய்ய மாஞ்சோலைக்காரரைவிடத் தகுதியானவர் யார்? எந்தப் பள்ளத்தில் யானை இறங்கும், எந்த மரம் காய்த்தால் கருமந்தி வரும் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போன பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பயணிகளை அழைத்துப்போய் இருவாச்சி காட்ட அவர்களால் முடியாதா?

தேக்கடியில் "உள்ளூர்ச் சமூகம்" என்ற சொல்லுக்குள் பட்டை கடத்தியவருக்குக்கூட இடம் கிடைத்தது. மாஞ்சோலையில் நாலு தலைமுறை வாழ்ந்தவர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. அவர் கம்பெனி ஆள். கம்பெனி போனால் அவரும் போகவேண்டும். காட்டை வெட்டியதற்குப் பழியும் அவருக்கு. வெட்டச் சொன்னவர் லாபத்தோடு இறங்கிவிட்டார்.

2006 வன உரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள், முக்கியமாகச் சட்ட மாணவர்கள். பழங்குடி அல்லாத, காட்டில் வாழும் மக்களை அது "பிற மரபுவழி வனவாசிகள்" என்கிறது. தலித்துகள் உரிமை கேட்கவேண்டுமானால் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். நிபந்தனை என்ன? 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை காட்டில் வாழ்ந்து, காட்டைச் சார்ந்து பிழைத்திருக்க வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு, ஆக 75. பழங்குடிகளுக்கு இந்த 75 இல்லை. அவர்களுக்கும் வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களை மோதவிட்டு நாம் எதையும் பெறப்போவதில்லை. நமக்கு ஏன் வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். நிலமும் ஆவணமும் மறுக்கப்பட்டவனிடம் மூன்று தலைமுறை ஆவணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2005 டிசம்பரிலிருந்து 75ஐக் கழித்தால் 1930 டிசம்பர். குத்தகை 1929. முதல் மரத்தை வெட்டப்போன கூட்டத்தின் வாரிசுகள் ஓராண்டு இடைவெளியில் உள்ளே வருகிறார்கள். 1935இல் போன குடும்பம் வெளியே. அதோடு, தோட்டத் தொழிலாளி காட்டைச் சார்ந்தவர் அல்ல, கூலியைச் சார்ந்தவர் என்ற எதிர்வாதம் வேறு. விறகும் தண்ணீரும் கீரையும் மருந்தும் காட்டிலிருந்து எடுத்தவரை அப்படிச் சொல்லலாமா என்பதை எந்த மன்றத்திலும் வாதாடலாம். ஆனால் வாதாட ஆதாரம் வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. காகிதம் மட்டும்தான் ஆதாரம் என்று அவை சொல்லவில்லை. உரிமை கோருபவர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் சான்று. பழைய கிணறு, சுடுகாடு, கோவில் போன்ற அடையாளங்களும் சான்று. நேரம்தான் இல்லை. இறங்கியவர்கள் மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் பக்கம், திருநெல்வேலியின் வாடகை வீடுகள், திருப்பூர், கேரளம் என்று சிதறிக்கொண்டிருக்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டிகள் சமவெளி வெயிலில் முடங்கிக் கிடக்கிறார்கள்.

அதனால் வரும் விடுமுறையில் பத்துப் பேர் வேண்டும். மூன்று மூன்று பேராகப் போவோம். ஒலிப்பதிவுக்குச் செல்போன் போதும், நோட்டும் கொண்டுவாருங்கள். முதலில் குடும்பம் எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து மலையேறியது, யார் கூட்டிப்போனார்கள். அப்புறம் காடு. எங்கே விறகு, எங்கே ஊற்று, என்னென்ன மரம், என்னென்ன பறவை. பறவைக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள், புத்தகப் பெயருக்குத் திருத்தாதீர்கள். போன வாரம் ஊத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கிய ஓர் ஆச்சியிடம் இருவாச்சிப் படத்தைச் செல்போனில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுவா, இது எங்க மூணாம் நம்பர் காட்டுக்குப் பின்னால அத்தி பழுத்தா வரும். சோடியாத்தான் வரும்" என்றார். எந்த மாசம் ஆச்சி என்றேன். சொன்னார். சொன்னவர் பெயர், வயது, மலையேறிய ஆண்டு எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே எழுதி, கீழே அவர் கைநாட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன்.